தள்ளியவை

ஜனவரி 8

என் பூதக்கண்ணாடிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். வலது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் மக்கர் செய்கிறது. மாப்பிள்ளைக்கு இரத்த அழுத்தம் இறங்கியதா? உன் பெண் ஒழுங்காகப் படிக்கிறாளா, இல்லை நம்மைப் போலக் கடைசி வாரத்தில்தான் புத்தகத்தைத் தேடப் போகிறாளா?

இந்தக் கடிதத்தோடு ஒரு மரப்பெட்டி வரும். உள்ளே இருபத்துநாலு ஸ்லைடு. எல்லாம் மனிதத் தோலிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள். சிலவற்றை ஒரு மணி நேரம் கடுமையான சூட்டில் வைத்து எடுத்து, மறுபடி வழக்கமான சூட்டில் சில நாள் வளரவிட்டோம். மற்றவற்றின் மேல் அந்தச் சூடு படவே இல்லை. எண்களை மாற்றி ஒட்டிவிட்டதால், எது எது என்று இப்போது எனக்கும் தெரியாது. அந்தப் பட்டியல் எங்கள் தலைவரின் மேசையில் பூட்டிக் கிடக்கிறது. இப்படி ஒரு அவதிக்குப் பிறகு செல் தன் நாற்பத்தாறு குரோமோசோம்களையும் பத்திரமாக வைத்திருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. ஒரு ஸ்லைடுக்கு ஐம்பது செல் எண்ண வேண்டும்.

எண்களை மாற்றுமுன் நான் ஒருமுறை எண்ணிவிட்டேன். தலைவர் நம்பவில்லை. "நீங்க எதைப் பார்க்கணும்னு ஆசைப்படுறீங்களோ, அதையே பார்க்கறீங்க" என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னார். வேறு யாராவது எண்ணினால்தான் ஒப்புக்கொள்வாராம். ஜூனில் குழு கூடுகிறது. எண்ணிக்கை ஒத்துப்போனால் என் ஆராய்ச்சி தொடரும். இல்லாவிட்டால் என் பெஞ்சை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். இந்த வயதில் இன்னொரு இடம் யார் தருவார்கள்?

உன் பேரைச் சொன்னேன். "தங்கச்சியா?" என்று புருவத்தைத் தூக்கினார். "சின்ன வயசுல பென்சிலைக்கூட எனக்குத் தராதவ சார். குரோமோசோமையா கூட்டிச் சொல்லப் போறா?" என்றேன். சிரித்துவிட்டார். உங்கள் மருத்துவமனை முத்திரையும் உன் கையெழுத்தும் இருந்தால் போதுமாம்.

இரண்டு நிபந்தனை. நான் என்ன எதிர்பார்க்கிறேன் என்று உனக்குச் சொல்லக் கூடாது. நீ உங்கள் மருத்துவமனைத் தாளிலேயே எப்போதும் போல எண்ணு. இன்னொன்று, எண்ணி முடிக்கும்வரை போன் வேண்டாம். என் குரலை வைத்தே நீ எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா

—

ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. படியைத் திட்டிப் பயனில்லை. இவருக்கு அழுத்தம் இறங்கிவிட்டது. இறங்கியதும் பழையபடி உப்பைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

பெட்டி உடையாமல் வந்தது. மதியத்துக்கு மேல் மருத்துவமனை வேலை முடிந்ததும் எண்ணுகிறேன். நீ இருந்த காலத்து அறைதான். ஜன்னலுக்குப் பக்கத்தில் என் மைக்ரோஸ்கோப், அதே கறுப்பு நாற்காலி. உட்காரும் இடம் கிழிந்து நான்காவது தடவை ஒட்டுப் போட்டிருக்கிறேன். உங்களிடம் இப்போது செல்லைக் கம்ப்யூட்டரே தேடிக் கொடுக்கிறதாமே. எனக்கு என் கழுத்துத்தான் கம்ப்யூட்டர்.

உங்கள் நிறுவனம் அச்சடித்த நாட்காட்டி எங்கள் அதிகாரிக்கும் வந்தது. அதைக் கொண்டுவந்து, உன் படம் உள்ள தாளைத் திருப்பி, சரியாக என் தலைக்கு நேராக மாட்டியிருக்கிறார். மார்ச் மாதம் முழுக்க நீதான். வெள்ளைக் கோட்டு, கையில் ஒரு குப்பி, முகத்தில் பக்கவாட்டு வெளிச்சம். "உங்க அக்காவா? பார்த்தா உங்களைவிடச் சின்னவங்க மாதிரி இருக்காங்களே" என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் கேட்கிறார்கள். நிழலில் வேலை பார்த்தால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் செல்லப் பிள்ளை, அதான் என் பெண், பெரியம்மா மாதிரி ஆராய்ச்சி செய்யப் போகிறாளாம். அம்மா மாதிரி எண்ணினால் என்னடி என்றேன். "அம்மா, நீ மத்தவங்களுக்கு எண்ணிக் கொடுக்கறே. பெரியம்மா கண்டுபிடிக்கறாங்க" என்றாள். நாக்கு உன்னைப் போலவே.

எப்போதும் போல எண்ணச் சொன்னாய். அப்படியே எண்ணுகிறேன்.

குளிருக்குச் சட்டை போட்டுக்கொள்.
தங்கை

—

பிப்ரவரி 20

என் கண்ணாடிக்கு,

நலமா? முழங்கால் உன் வைத்தியத்துக்குக் கொஞ்சம் பணிந்திருக்கிறது. மாப்பிள்ளையிடம் உப்பு டப்பாவை மறைத்து வை.

இங்கே ஒரே ஓட்டம். நாட்காட்டியைப் பார்த்துவிட்டு நிறுவன இதழில் பேட்டி எடுத்தார்கள். ஆராய்ச்சி விவரம் உள்ள பக்கத்தை எடுத்துவிட்டு, மற்றதை இத்துடன் உனக்கு வைத்திருக்கிறேன். நம் பழைய ஆய்வகத்தைப் பற்றியும் சொல்லியிருக்கிறேன், படித்துப் பார். மார்ச்சில் ஒரு மாநாட்டில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. நீ பக்கத்தில் இருந்தால் ஒரு கிள்ளு கிள்ளி மேடையில் ஏற்றிவிடுவாய்.

பெண்ணிடம் சொல், விடுமுறைக்கு என்னிடம் வரட்டும். ஆய்வகம் முழுக்கச் சுற்றிக் காட்டுகிறேன்.

எண்ணிக்கை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்க வாய் துடிக்கிறது. கேட்க மாட்டேன்.

ஆசையுடன்,
அக்கா

—

மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று இதழைப் பார்த்தாலே தெரிகிறது.

எண்ணி முடித்துவிட்டேன். இருபத்துநாலு ஸ்லைடு, ஆயிரத்து இருநூறு செல். எல்லாம் நாற்பத்தாறு. அங்கங்கே நாற்பத்தைந்தும் நாற்பத்தேழுமாக ஒன்றிரண்டு, அது எந்த ஸ்லைடிலும் இருப்பதுதான். சூடு பட்டதும் படாததும் ஒரே மாதிரிதான் என்று தோன்றுகிறது. கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். ஸ்லைடுகள் என்னிடமே பத்திரமாக இருக்கும்.

பெண்ணுக்கு விடுமுறையில் வேறு வகுப்பு இருக்கிறது, வரமாட்டாள்.

மாநாட்டில் நன்றாகப் பேசு.
தங்கை

—

மார்ச் 10 (எழுதினேன், தபாலில் போடவில்லை)

அக்கா,

தாளில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். கடைசிக் கட்டம். "தள்ளியவை."

எண்ணுவதற்கு லாயக்கில்லாத செல்லை நாங்கள் தள்ளிவிடுவோம் என்பதும், எத்தனை தள்ளினோம் என்று அந்தக் கட்டத்தில் எழுதுவோம் என்பதும் உனக்குத் தெரியும். குரோமோசோம் இரண்டு மடங்காகத் தெரிந்தால், இரண்டு செல் ஒன்றாக விழுந்து ஒட்டிக்கொண்டது என்று தள்ளுவதுதான் எங்கள் வழக்கம். நீ எப்போதும் போல எண்ணச் சொன்னாய். எப்போதும் போலத் தள்ளினேன். சத்தியமாக, முதல் சில வாரம் எனக்கு வேறு எண்ணமே இல்லை. தள்ளியதற்குக் கோடு போடக் காகிதம் கிடைக்காமல் நாட்காட்டியில் மார்ச் தாளை முன்கூட்டியே கிழித்து, உன் படத்துக்குப் பின்னால்தான் கோடு போட்டேன். வேண்டுமென்றுதான் அதைக் கிழித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

எட்டாவது ஸ்லைடில் கை நின்றுவிட்டது. சில ஸ்லைடில் தள்ள ஒன்றுகூட இல்லை. சிலவற்றில் எட்டு, ஒன்பது, பதினொன்று. உற்றுப் பார்த்தேன். ஒட்டிக்கொண்ட இரண்டு செல் என்றால் தடிமன் மாறும், நடுவில் ஒரு சந்து தெரியும். இவை ஒரே வட்டத்துக்குள், ஒரே தடிமனில் கிடந்தன. தொண்ணூற்றிரண்டு. செல் தன் குரோமோசோம்களைப் பிரதி எடுத்திருக்கிறது, ஆனால் இரண்டாகப் பிரிய முடியாமல் நின்றுபோயிருக்கிறது. சூட்டில் கலங்கிப்போய், இரண்டு பேர் சாமானையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நீ தேடுவது இதைத்தான் என்று அப்போதே புரிந்தது. அன்று உனக்காகச் சந்தோஷப்பட்டேன். ஒரு மணி நேரமாவது பட்டிருப்பேன்.

மறுநாள் உன் பேட்டி வந்தது. "ஒரு சின்ன மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்தபோது, ஒருநாள் செல் வளர்க்கும் பெட்டியில் சூடு ஏறிப்போயிற்று. அதற்குப் பிறகு சில செல்கள் விசித்திரமாக இருந்ததைக் கவனித்தேன்." கவனித்தேன்! யார் கவனித்தது அக்கா? "அக்கா, இங்க வந்து பாரேன், எல்லாம் ரெட்டை ரெட்டையா இருக்கு" என்று உன் கையைப் பிடித்து இழுத்தது யார்? நீ ஒரு கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு செல் ஒட்டிக்கிடக்குடி, தள்ளு" என்றாய். தள்ளினேன். பத்தொன்பது வருஷமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். நீ அதையே மூட்டை கட்டிக்கொண்டு போய்ப் பட்டம் வாங்கினாய்.

எனக்கு வயிறு எரிகிறது. உன் வெளிச்சத்தைப் பார்த்து, உன் கோட்டைப் பார்த்து, என் பெண் உன் பேரைச் சொல்லும்போது அவள் முகம் மலர்வதைப் பார்த்து எரிகிறது. பேட்டியை மூன்று தடவை படித்தேன். நம் ஆய்வகத்துக் குழாயில் தண்ணீர் சொட்டியதைக்கூடச் சொல்லியிருக்கிறாய். என்னைச் சொல்லவில்லை.

அதனால் கட்டம் காலி.

—

ஏப்ரல் 28

என் தங்கைக்கு,

நலமாக இருக்கிறாயா? கடிதம் எழுதத் தாமதமாகிவிட்டது. முழங்கால் பரவாயில்லை. தூக்கம்தான் சரியில்லை.

தாள் கிடைத்தது. ஏப்ரல் முதல் வாரமே கிடைத்தது. நாலைந்து தடவை பார்த்தேன். உன் கையெழுத்து அப்படியே இருக்கிறது. ஏழுக்கு நடுவில் குறுக்குக் கோடு போடும் வழக்கத்தை நீ விடவே இல்லை.

தலைவரிடம் கொடுத்துவிட்டேன். அவர் பூட்டைத் திறந்து பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சூடு பட்டதற்கும் படாததற்கும் வித்தியாசமே இல்லை என்றார். குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்த மாதிரி எனக்குப் பட்டது. மாநாட்டில் பேசியதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

அந்தப் பழைய வளர்ப்புப் பெட்டி இன்னும் உங்களிடம் இருக்கிறதா? கதவுப் பிடி கழன்று, நூலால் கட்டி வைத்திருப்போமே, அது. சும்மாதான் கேட்கிறேன்.

மாப்பிள்ளையையும் பெண்ணையும் கேட்டதாகச் சொல்.
அக்கா

—

மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். தூக்கம் வராவிட்டால் காபியைக் குறை.

அந்தப் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட்டு வருஷம் பத்தாகிறது. அதையெல்லாம் எதற்குக் கேட்கிறாய்? உனக்கு அது பேட்டியில் சொல்லும் கதை. நான்தான் அந்த நூலைத் தினமும் அவிழ்த்துக் கட்டினவள்.

வித்தியாசம் வரவில்லை என்றால் நான் என்ன செய்ய முடியும்? என் வேலை எண்ணுவது. எங்கள் வீட்டில் ஒருத்தி அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உனக்கு ஒரு கதவு மூடினால் நாலு கதவு திறக்கும். எப்போதும் அப்படித்தானே. நீ போய்ச் சேர்ந்த அந்த ஆராய்ச்சி இடத்துக்கு ஆள் கேட்டு வந்தபோது எனக்கு ஏழாவது மாதம். அதிகாரி என்னைத்தான் முதலில் கேட்டார் என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. பெண் பிறந்ததற்கு நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. ஆனால் நீ ஊருக்குக் கிளம்பிய அன்று பேருந்து திரும்பும்வரை கையாட்டினாய் பார், அந்தக் கை இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

கடுமையாக எழுதிவிட்டேன் போலிருக்கிறது. உடம்புக்குச் சரியில்லை என்று வைத்துக்கொள்.

தங்கை

—

ஜூன் 19

என் பூதக்கண்ணாடிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். போன கடிதத்தில் உடம்பு சரியில்லை என்று எழுதியிருந்தாய். டாக்டரிடம் காட்டினாயா?

குழு கூடி முடிந்தது. என் பெஞ்சை எடுத்துவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். பன்னிரண்டு வருஷச் சாமான் மூன்று அட்டைப்பெட்டியில் அடங்கிவிட்டது. நாட்காட்டிப் படத்தில் நான் போட்டிருந்த வெள்ளைக் கோட்டைத் திருப்பிக் கேட்கிறார்கள். அது நிறுவனத்தினுடையதாம்!

ஒன்றைச் சொல்ல வேண்டும். குழுவில் ஒரு அம்மா உன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "கடைசிக் கட்டம் ஏன் காலியா இருக்கு? ஒண்ணுகூடவா தள்ளலை?" என்று கேட்டார். நாம் இருவரும் ஆறு வருஷம் ஒரே பெஞ்சில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். நீ அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு நான் பார்த்ததில்லை. தள்ள ஒன்றுமில்லை என்றால் ஒரு சுழியாவது போடுவாய். தாள் வந்த அன்றே பார்த்துவிட்டேன்.

"தள்ள ஒண்ணும் இருந்திருக்காதுங்க. என் தங்கை பார்த்தா பார்த்ததுதான். ரெட்டைச் செல் எதுவும் இல்லை. நான்தான் ஆசையில தப்பா எண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

உன்னிடம் எதுவும் கேட்கப் போவதில்லை. அந்தப் பேட்டியை நான் உனக்கு அனுப்பியிருக்கக் கூடாது. கொடுத்திருக்கவும் கூடாது, அப்படி.

ஸ்லைடுகளை இனி நீ தூக்கிப் போடலாம்.

அக்கா

—

ஜூலை 3

அக்கா,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நீ நன்றாக இருக்க மாட்டாய் என்று தெரியும். அதற்குக் காரணம் நான்தான் என்பதும் தெரியும்.

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். படித்து முடித்ததும் எனக்கு வந்தது அழுகை இல்லை. கோபம். இதிலும் நீதான் பெரியவளா? நான் உன்னைக் கவிழ்க்கப் பார்த்தால், நீ எனக்காகக் கவிழ்ந்து கொடுத்துவிட்டு அதிலும் ஜெயித்துவிட்டாய். மூன்று அட்டைப்பெட்டியோடு நடுவீதியில் நிற்கிறவளைப் பார்த்தும் பொறாமைப்பட என்னால் முடிகிறது. என்னை வைத்து ஒரு ஆராய்ச்சி செய்.

ஒரு வாரம் உன்னைத் திட்டித் தீர்த்தேன். அப்புறம்தான் அந்த வரி உறைத்தது. "ரெட்டைச் செல் எதுவும் இல்லை." என் பேரைச் சொல்லி அதை எழுதிக்கொண்டார்கள். என் கையெழுத்தும் முத்திரையும் வேறு. நம் இருவரில் அதை முதலில் பார்த்தவள் நான். பார்த்தேன் என்று பத்தொன்பது வருஷமாக மனதுக்குள் கத்திக்கொண்டிருப்பவள் நான். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். உன்னிடமிருந்து பிடுங்குவதாக நினைத்து என் வீட்டுப் பொருளையே தெருவில் எறிந்திருக்கிறேன். பொறாமைக்குக் கண் தெரியாது போலிருக்கிறது. எனக்கு இருந்த ஒரே சொத்து கண்தான்.

நேற்றும் முந்தாநாளும் விடுப்பு எடுத்துக்கொண்டு இருபத்துநாலு ஸ்லைடையும் மறுபடி எண்ணினேன். பன்னிரண்டு ஸ்லைடில் இரட்டைச் செல் நூற்றொன்பது. மற்றப் பன்னிரண்டில் மொத்தமே நாலு. உன் படத்துக்குப் பின்னால் அன்று போட்ட கோடுகளையும் கூட்டிப் பார்த்தேன். அதே நூற்றொன்பது, அதே நாலு. கண் தப்பவில்லை அக்கா. நான்தான் தப்பினேன்.

புதிய தாளில் கட்டத்தை நிரப்பி, உன்னைக் கேட்காமல், உங்கள் தலைவருக்கும் அந்த அம்மாவுக்கும் நேரடியாகப் பதிவுத்தபாலில் அனுப்பிவிட்டேன். ஸ்லைடுகளும் போய்விட்டன. கூடவே ஒரு கடிதம். இரட்டைச் செல்களை முதலில் பழக்கத்தில் தள்ளினேன், பிறகு தெரிந்தே மறைத்தேன், காரணம் பொறாமை என்று எழுதியிருக்கிறேன். எங்கள் அதிகாரியிடமும் ஒரு நகல் கொடுத்தேன். முத்திரையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். கறுப்பு நாற்காலி இருக்குமா, போகுமா என்று திங்கட்கிழமை தெரியும். உன் பெஞ்சு திரும்பக் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. கிடைக்காமல் போனால் நீ என்னை மன்னிக்க வேண்டாம். கிடைத்தாலும் அவசரப்படாதே.

பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, "முதல்ல பார்த்தது நீயாம்மா?" என்று கேட்டாள். அவ்வளவையும் கேட்டுவிட்டு அவள் கேட்டது அது ஒன்றைத்தான். ஆமாம் என்றேன். உன்னைப் பற்றிப் பேசும்போது மலருமே, அந்த முகம், கொஞ்சம் என் பக்கம் திரும்பிற்று. பிறகு, நான் செய்தது ஞாபகம் வந்தது போலிருக்கிறது, குனிந்துகொண்டாள்.

உங்கள் தலைவருக்கு எழுதிய கடிதத்தின் அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். "இந்த இரட்டைச் செல்களை நான் முதலில் பார்த்தது பத்தொன்பது வருஷத்துக்கு முன், பெட்டியின் சூடு ஏறிப்போன வாரம். அப்போது என் பக்கத்தில் என் அக்கா இருந்தாள்." நீ விட்டுவிட்டதை நான் விடவில்லை, பார்த்தாயா? அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்தான்.

எண்ணி முடிக்கும்வரை போன் வேண்டாம் என்றாய்.

எண்ணி முடித்துவிட்டேன்.

உன் தங்கை